பெரியப்பாவின் காரில் எரிந்த சிவப்பு விளக்கு

எங்கள் பெரியப்பா ஊர் போய் வரத்தான் கார் வாங்கினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாசலில் நிறுத்தி வைக்க வாங்கினார். யுத்தம் முடிந்த கையோடு திருச்சியில் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்கு மூட்டை கட்டினார். நாற்காலி, நாய், கார் மூன்றையும் விலைக்குப் போட்டார். நாயை யாரோ கொண்டு போய்விட்டார்கள், காரைப் பெரியப்பா கொண்டு வந்தார். உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக் காடுகளைத் தாண்டி எங்கள் ஊர். அந்த வட்டாரத்தில் எங்கள் பண்ணைதான் பெரிது என்று பெரியப்பா சொல்லிக்கொள்வார். பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் தன்னுடையதைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கார் வந்து நின்ற அன்றைக்கு அந்த வழக்கு ஒருவழியாகத் தீர்ந்தது.

கார் வந்த மறுநாளே விளக்குப் பேச்சும் தொடங்கிவிட்டது. ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில், வேகம் காட்டும் முள் இருக்கும் பலகையில், சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பினால் அது எரிய வேண்டும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். அணைந்தால் பாட்டரிக்குக் கரண்டு ஒழுங்காகப் போகிறது, எல்லாம் சுகம். ஓடும்போதும் எரிந்தால் ஏதோ கோளாறு. இதெல்லாம் எனக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. எங்கள் காரில் அது எந்நேரமும் எரிந்தது. வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. கோளாறு விளக்கில்தான் இருந்தது, வண்டியில் இல்லை.

டிரைவர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர். பர்மா எல்லையில் லாரி ஓட்டினாராம். அவருக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் கிடையாது, அதுவே எங்களுக்குப் பெரிய உபத்திரவமாக இருந்தது. விளக்கு ஏன் எரிகிறது என்று பெரியப்பா முதல் நாள் கேட்டபோது, என்ஜின் உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் என்றார். பர்மாவில் எல்லா லாரியிலும் அப்படித்தான் எரிந்ததாம், அது அணைந்த லாரிகளைத்தான் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனானாம். பெரியப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எங்கள் கணக்குப்பிள்ளை மட்டும் பெட்ரோல் குறைந்தால் எரியுமோ என்று மெதுவாகக் கேட்டார். "நீ எந்தப் பட்டாளத்துல இருந்த?" என்று பெரியப்பா அவர் வாயை அடைத்துவிட்டார்.

அப்புறம் பெரியம்மா வந்தாள். பழனியிலிருந்து வந்த முருகன் படம் ஒன்றைக் காருக்குள் மாட்டச் சொன்னாள். டிரைவர் இடம் பார்த்து, அந்தச் சிவப்பு விளக்குக்கு நேர் மேலே மாட்டினார். வண்டியைக் கிளப்பியதும் முருகன் காலடியில் விளக்கு எரிந்தது. பெரியம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திரியில்லை, எண்ணெயில்லை, சாமிக்கு முன்னால் தானாகவே விளக்கு எரிகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடிக் குமிழுக்குக் குங்குமம் வைத்தாள், ஒரு முழம் கதம்பத்தை மடித்துச் செருகினாள். எண்ணெய் ஊற்றாததுதான் பாக்கி. ஊற்றியிருப்பாள், எங்கே ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்படியாக, கோளாறைச் சொல்ல வெள்ளைக்காரன் வைத்த விளக்கு எங்கள் வீட்டில் சாமி விளக்காகிவிட்டது. அதை எரியவிட்டுக்கொண்டே அரியலூர்க் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாகப் போனார் பெரியப்பா. அதை எரியவிட்டுக்கொண்டே பெரம்பலூர் தாண்டி வாலிகண்டபுரம் வரைக்கும் போய், பெரியப்பா மகன், என் அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள். பெண் வீட்டார் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்களாம். பெண்ணை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, காரைத்தான் இரண்டு தரப்பும் பார்த்தார்கள் என்று அண்ணனே பிறகு என்னிடம் சொன்னான்.

என் கதைக்கு வருகிறேன். என் அப்பா நான் சின்னக் குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அவர் பங்கு நிலம் பெரியப்பா கையில், நானும் அம்மாவும் அவர் வீட்டில். சோற்றுக்குக் குறையில்லை. அந்தச் சோற்றை யார் போடுகிறார்கள் என்று ஞாபகப்படுத்துவதிலும் குறை வைக்கவில்லை. பெரியம்மாவின் தம்பி ஒருவர் ஜெயங்கொண்டத்தில் இருந்தார், பெண்டாட்டி செத்துப்போனவர், தலையில் பாதி நரைத்தவர். ஆவணியில் என்னை அவருக்குக் கட்டிவைத்துவிட்டால் அப்பாவின் நிலம் வீட்டை விட்டு வெளியே போகாது. இதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்த மனுஷர் வரும்போதெல்லாம் என்னைத்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள்.

எனக்கு அவரும் வேண்டாம், ஆவணியும் வேண்டாம். எட்டாவது பாஸ் பண்ணியிருந்தேன். எனக்குப் பாடம் சொன்ன டீச்சர் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் நானும் டீச்சராகலாம், சோறும் இடமும் அங்கேயே என்று அவர்தான் சொன்னார். விண்ணப்பத்தையும் அவரே எழுதிப் போட்டார். அதைக் கேட்ட நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. போனால் திருச்சி, இல்லையென்றால் ஜெயங்கொண்டம். நடுவில் வேறு வழி கிடையாது.

பெரியப்பா எப்படி ஒப்புக்கொண்டார் என்று கேட்பீர்கள். ஒப்புக்கொள்ளவில்லை, மாட்டிக்கொண்டார். பெட்ரோல் அந்தக் காலத்தில் கூப்பனுக்குத்தான் கிடைக்கும், கூப்பனுக்குத் தாலுகா ஆபீசில் பல்லிளிக்க வேண்டும். அதனால் தாசில்தாரையும் அவர் சம்சாரத்தையும் ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார். அந்த அம்மாள் படித்தவர். என்னைப் பார்த்து, இந்தப் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். பெரியப்பாவுக்கு நாக்கில் சனி.

"எட்டாவது முடிச்சிருக்காங்க. திருச்சியில டீச்சர் டிரெயினிங் சேக்கப் போறேங்க. நம்ம காருலயே அரியலூருக்குக் கூட்டிப்போயி ரயிலேத்தி, நானே கூடப் போயி சேத்துட்டு வந்துடுவேன்."

தாசில்தார் சம்சாரம் அவரை மெச்சினார், தாசில்தார் கூப்பன் கொடுத்தார். சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பெரியப்பாவால் முடியாது என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. சரி என்று சொல்லவும் மனசில்லை. மென்று முழுங்கிக்கொண்டே திரிந்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரச்சொல்லிக் கடிதம் வந்தது. குறித்த நாள் காலையில் நான் குளித்துத் தலை பின்னி, புதுப் புடவை கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தேன். பெரியப்பா முன்னால் ஏறினார். டிரைவர் கிளப்பினார். என்றைக்கும் போல விளக்கு எரிந்தது. பெரியப்பா அதை ஜென்மத்தில் பார்த்தறியாதவர் போலக் குனிந்து பார்த்தார்.

"என்னய்யா இது செகப்பா எரியிது?"

டிரைவர் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். சம்பளம் கொடுப்பவர் மனசு டிரைவர்களுக்கு நன்றாகத் தெரியும். "செகப்புன்னா ஆபத்துங்க ஐயா. செகப்பக் கண்டா ரயிலே நின்னுடுதே" என்றார். பர்மா லாரிகள் அத்தனையும் அந்த நிமிஷத்தில் மறந்துபோயின.

வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு நடுக்காட்டில் நின்றுவிட்டால் மானம் போய்விடும் என்று பெரியப்பா இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன். பஸ்ஸில் போகலாமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பெண்கள் கண்டவன் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் போகிறவர்களா, அதற்கா துரை வீட்டுக் காரை வாங்கி நிறுத்தியிருக்கிறேன் என்று தெருவெல்லாம் கேட்கச் சத்தம் போட்டார். அன்று முழுக்க அழுதேன், வயிறெரிந்து அழுதேன். மறுநாள் அதே கார், அதே விளக்கு, அரியலூர்க் கோர்ட்டுக்குக் கிளம்பிப் போனது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா போனால் அது சாமி விளக்கு, நான் போனால் ஆபத்து விளக்கு.

டீச்சர் விடவில்லை. உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்று ஒரு பொய்யை எழுதி மறுபடி நாள் கேட்டார். அந்தப் பொய்யை அவர் கர்த்தரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டாராம். அடுத்த வியாழக்கிழமை வரலாம், அதற்கும் வராவிட்டால் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பதில் வந்தது. பதில் வந்த அன்றே பெரியம்மா ஜோசியரைக் கூப்பிட்டு ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொன்னாள். அந்த வியாழக்கிழமை எனக்கு எப்படிப்பட்ட வியாழக்கிழமை என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குள் தாசில்தார் காதுக்கு விஷயம் போய், பெண்ணைச் சேர்த்தாயிற்றா என்று பெரியப்பாவைக் கேட்டுவிட்டார். பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? விளக்கை ரிப்பேர் பண்ணக் காரை அரியலூருக்கு அனுப்பினார். சும்மா அனுப்பவில்லை. என் தம்பி மகள் படிக்கப் போகிறாள், அவளுக்காக வண்டியைச் சரிபார்க்க அனுப்புகிறேன் என்று எதிரே வந்தவனிடமெல்லாம் சொல்லி அனுப்பினார். அரியலூர் மெக்கானிக்கால் ஒன்றும் முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு தடவை அந்த ஆள் பல்பைக் கழற்றி வேட்டியில் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டு, "வெள்ளக்காரன் காரணமில்லாம வெப்பானாங்க" என்று அனுப்பியவர்தான். இந்தத் தடவையும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பலகைக்குப் பின்னால் கையை விட்டு அகப்பட்ட ஒயர்களையெல்லாம் இழுத்துப் பார்த்து, எதிலோ துணியைச் சுற்றி, பழையபடி திணித்துவிட்டாராம். டிரைவரே வந்து சொன்னார். அப்படித் திணித்ததில், வண்டியை ஓட்டி வந்த டிரைவர்கூடக் கவனிக்காமல், அது சரியாகிவிட்டது.

வியாழக்கிழமை விடிந்தது. நான் மறுபடி அதே புடவையைக் கட்டிக்கொண்டேன். பெரியம்மா கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பெரியப்பா காருக்குள் உட்கார்ந்து, விளக்கைப் பார்க்கத் தயாராகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டிரைவர் சாவியைத் திருப்பினார், விளக்கு எரிந்தது. பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குள் என்ஜின் பிடித்துக்கொண்டது. விளக்கு அணைந்துவிட்டது.

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது ஒழுங்காக இருந்தது அந்த ஒரு காலைதான். திறந்த வாயைப் பெரியப்பாவுக்கு மூடத் தெரியவில்லை. ஆபத்து இல்லை, இனி என்ன சொல்லி நிறுத்துவார் என்று நினைத்தேன். பெரியம்மா இருக்கிறாளே, அவளை மறந்துவிட்டேன்.

கற்பூரம் காட்டக் குனிந்தவள் தட்டோடு பின்வாங்கினாள். "ஐயையோ, சாமி வெளக்கு மலையேறிடுச்சே" என்றாள்.

எங்கள் பக்கத்தில் விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள், அந்த வார்த்தையே ஆகாது. அதுவும் ஒருத்தர் ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் சாமி முன்னால் விளக்கு மலையேறினால், கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். பெரியப்பாவின் முகத்தில் இழவுக்களை வந்தது. கண்ணில் மட்டும் தீபாவளி. முருகனே தடுக்கிறான், நான் என்ன செய்ய, ஆவணி கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டார். பர்மாவில் விளக்கு அணைந்த லாரிகளுக்கு என்ன ஆயிற்று என்று மறுபடி ஞாபகம் வந்து சொல்ல ஆரம்பித்தார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பெரியப்பா முன்னால் குரல் உயர்த்தி நான் அதுவரைக்கும் பேசியதில்லை.

"அன்னிக்கு எரியிதுன்னு போவக் கூடாதுன்னீங்க. இன்னிக்கு எரியலன்னு போவக் கூடாதுங்கிறீங்க. அது என்ன பண்ணுனா பெரியப்பா நான் போவலாம்?"

வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம். அந்தப் பழமொழிக்கு விளக்கவுரை வேண்டுமென்றால் எங்கள் வாசலுக்கு வந்திருக்கலாம். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிக்கப் போகும் முன்னாலேயே வாயைப் பார் என்று பெரியம்மாதான் சொன்னாள்.

அப்போதுதான் அம்மா வாசலுக்கு வந்தாள். இதில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கார் கிளம்பும் நேரத்தில் அம்மா வாசல் பக்கமே வரமாட்டாள். தாலியறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்று வருஷக்கணக்காக அவளைக் கொல்லைப்புறத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அவளும் மாட்டுக்கு வைக்கோல் போடுவது போல அங்கேயே நின்றுகொள்வாள். நல்ல காரியங்களுக்கு அவள் முகம் ஆகாது, சாணி தட்டுவதற்கு மட்டும் அவள் கை ஆகும். அன்று அவள் நடுவாசல் வழியாக நேராக வந்தாள். காரின் பின்சீட்டிலிருந்த என் தகரப் பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பெரியம்மா கற்பூரத் தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"நட, பஸ்ஸு வந்துடும்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேசினாள். எனக்கு முன்னால் அவளே நடந்தாள்.

தெருவே வந்து நின்று பார்த்தது. அந்த ஊரில் இருக்கிற அத்தனை கெட்ட சகுனமும் என் முன்னால் பெட்டியைச் சுமந்துகொண்டு போனது, அதன் பின்னால் நான் போனேன். அதைப் போல நல்ல துணை எனக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. ரோட்டுக்குப் போனதும் அம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காசைத் தனித்தனியாக முடிந்து வைத்திருந்தாள். இந்த வீட்டுக் காரை நம்பக் கூடாது என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பஸ் வந்தது. யுத்த காலத்துக் கரி பஸ், அடுப்புக்கரியைப் பின்னால் கொப்பரையில் எரித்து அந்த வாயுவில் ஓடுவது. மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். நாங்கள் ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் போயிருப்போம், பின்னால் ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தால் எங்கள் கார். பண்ணை வீட்டுப் பெண்கள் பஸ்ஸில் போகிறார்கள் என்ற செய்தி தாசில்தாருக்குப் போனால் கூப்பன் என்ன ஆகும்? முருகன் தடுத்த பயணத்தில் பெரியப்பா இப்போது பறந்து வந்துகொண்டிருந்தார். மலையேறிய விளக்கு அவரை ஒன்றும் தடுக்கவில்லை. இறங்கிக் காருக்கு வரச்சொல்லிக் கையைக் கையை ஆட்டினார். பஸ்காரர் வழிவிடவில்லை, அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அரியலூர் வரைக்கும் எங்கள் கரிப்புகையும் புழுதியும் அத்தனையும் அவர் வெள்ளை ஜிப்பாவுக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகவே சிரித்தேன், இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

பஸ்ஸை விட்டு இறங்கி நாங்கள் நடந்து போவதற்குள், ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் அவர் இறங்கி நின்றுகொண்டார். ஸ்டேஷன் மாஸ்டரிடமும் அங்கிருந்த நாலு வக்கீல்களிடமும், தம்பி மகளைப் படிக்கச் சேர்க்க அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கார் வெளியே நின்றது, அதனால் எல்லாரும் நம்பினார்கள். நாங்கள் பெண்கள் பெட்டியில் ஏறினோம், அவர் முன்னால் போய் மேல் வகுப்பில் ஏறினார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வயசான கன்னியாஸ்திரீ என்னை வாசிக்கச் சொன்னார், கரும்பலகையில் எழுதச் சொன்னார், வாய்க்கணக்குக் கேட்டார். எல்லாம் சொன்னேன். இடம் உண்டு, திங்கட்கிழமையே வந்துவிடலாம் என்றார். பிறகு பக்கத்து அறைக்கு அழைத்துப் போய், கூட்டி வந்த பெரியவர்களை உள்ளே வரச்சொன்னார். பெரியப்பா வந்தார். ஜிப்பாவில் கரி இருந்தாலும் மேல்துண்டு மடிப்புக் கலையவில்லை. அவருக்கும் பின்னால், கதவோரம், அம்மா. அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரே நாற்காலிதான் கிடந்தது. பெரியப்பா அதன் முதுகில் கையை வைத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அந்தச் சிஸ்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உன்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது யாரம்மா?"

"எங்க அம்மாங்க" என்றேன்.

சிஸ்டர் கதவுப் பக்கம் பார்த்து, வாருங்கள், உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். பெரியப்பா இருக்கும் இடத்தில் அம்மா தரையில்கூட உட்கார்ந்ததில்லை. கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். பெரியப்பா கையை எடுத்துக்கொண்டார். அம்மா உட்கார்ந்தாள், பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.